இரண்டாவது சிசேரியனுக்கு நாள் குறித்திருக்கும் கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கு

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். முதல் குழந்தை மூன்றரை ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில், பதினாறு மணி நேரம் வலி எடுத்துப் பார்த்தபின் அவசர சிசேரியனில் பிறந்தது. இப்போது உங்களுக்கு 36 வாரம் நிறைந்திருக்கிறது. பாலக்காட்டு மருத்துவர் 39 வாரம் நிறைந்ததும் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார். ஆனால் புகுந்த வீட்டில் ஜோதிடர் குறித்துக் கொடுத்த நாள் அதற்குப் பதினொரு நாள் முன்னால் விழுகிறது. அந்த நாளுக்கு மாற்றச் சொல்லலாமா என்பது ஒன்று. என்னென்ன ஆயத்தம் வேண்டும் என்பது இரண்டு. பொள்ளாச்சியிலிருந்து வந்து தங்கப்போகும் அம்மாவின் பத்தியத்தைக் கேட்பதா, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து மாமியார் ஏற்பாடு செய்திருக்கும் வேதுகுளியையும் (இலைகள் போட்டுக் கொதிக்க வைத்த நீரில் குளிப்பது) பிரசவரட்சையையும் (பிரசவத்துக்குப் பிந்தைய கேரளப் பராமரிப்பு) கேட்பதா என்பது மூன்று. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன முறை ஒரு மாதம் வரை நிமிர்ந்து நிற்க முடியவில்லை, அதே பாடு மறுபடியும் படவேண்டுமா என்று. மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இந்த ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இருபத்து நான்கு ஆண்டுகளாக மகப்பேறு வார்டிலும் ஆப்பரேஷன் தியேட்டரிலும் வேலை பார்த்த செவிலியர். முதல் ஒன்பது ஆண்டுகள் பொள்ளாச்சிப் பக்கம், மீதி ஆண்டுகள் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப்புறம், பாலக்காட்டுப் பக்கம். கத்தி பிடிப்பவர் மருத்துவர். அதற்கு முந்தின இரவிலும் பிந்தின நாட்களிலும் பக்கத்தில் இருந்தவள் நான். உங்கள் ஸ்கேன்களும் பழைய அறுவைக் குறிப்பும் உங்கள் மருத்துவர் கையில்தான் இருக்கின்றன. உங்களுக்கே உரிய முடிவுகளை அவரிடம்தான் கேட்க வேண்டும். பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

போன முறை நீங்கள் பட்டது சிசேரியனின் பாடு மட்டுமன்று. பதினாறு மணி நேரம் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வலி தாங்கி, கர்ப்பப்பையும் களைத்துப் போன பிறகு அறுவைக்குப் போயிருக்கிறீர்கள். அப்படிப் போகிறவர்களுக்கு இரத்தப்போக்கும் புண்ணில் கிருமித் தொற்றும் நேர வாய்ப்பு கூடுதல். உடல் தேறவும் நாளாகும். வலி தொடங்கும் முன்பே, ஓய்ந்த உடம்போடு, முறையாகப் பட்டினி இருந்து, பகலில் போகும் அறுவை அதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. முதலில் அவசரமாகவும் இரண்டாவது நாள் குறித்தும் செய்துகொண்ட பெண்கள், இரண்டாவது எளிதாக இருந்தது என்று சொல்வதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. பழைய தழும்புக்கு உள்ளே குடலோ சிறுநீர்ப்பையோ கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டாவது அறுவை கூடுதல் நேரம் பிடிக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது பெரும்பாலும் வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரியும். ஆகவே எளிதாகவே இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

இனி நாள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஜாதகத்துக்காக 37 வாரம் மட்டும் நிறைந்த நிலையில் எடுக்கச் சொல்லாதீர்கள். குழந்தையின் நுரையீரலில் கர்ப்பகாலம் முழுவதும் நீர் நிறைந்திருக்கிறது. கடைசி வாரங்களிலும் பிரசவ வலியின்போதும்தான் அந்த நீர் உறிஞ்சப்படுகிறது. வலியே வராமல் முன்கூட்டி எடுக்கும் குழந்தை அந்த நீரோடு வெளியே வந்து மூச்சுக்குத் திணறலாம். டென்மார்க்கில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாள் குறித்துச் செய்த சிசேரியனில் பிறந்த குழந்தைகளில் மூச்சுச் சிரமம் வந்தவை 37 வாரம் நிறைந்து எடுத்தபோது நூற்றுக்குப் பத்து, 38 நிறைந்தபோது ஐந்து, 39 நிறைந்தபோது இரண்டு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்ளும், தாய் இன்னொரு மாடியில் பால் கட்டிய மார்போடும் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல நேரத்தில் பிறந்த குழந்தையைத் தாய் மூன்றாம் நாள்தான் கையில் வாங்கினாள் என்றால் அந்த நேரத்தால் யாருக்கு என்ன நன்மை?

மாமியாரிடம் இதை மறுப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. 39 வாரம் நிறைந்தபின் வரும் நான்கைந்து நாட்களில் எந்தெந்த நாள் தியேட்டர் கிடைக்கும் என்று மருத்துவமனையில் கேட்டு வாங்கி, அந்த நாட்களுக்குள் நல்ல நாளும் வேளையும் பார்த்துத் தரும்படி ஜோதிடரிடம் கேளுங்கள். நான் அறிந்தவரை எந்த ஜோதிடரும் அதற்கு முடியாது என்று சொன்னதில்லை. மருத்துவர்களும் காலை எட்டுக்குப் பதில் பத்தரைக்கு வைப்பதை மறுப்பது குறைவு. கணக்கில் ஒரு குழப்பமும் நேர்வதுண்டு: 39வது வாரம் நடக்கிறது என்பது 38 வாரம் நிறைந்து சில நாட்கள் ஆகியிருப்பது, 39 வாரம் நிறைவு என்பது வேறு. மூன்றாம் மாத ஸ்கேன் காட்டிய தேதியை வைத்துத்தான் எண்ண வேண்டும். இதற்கு விலக்கு உண்டு. இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருத்தல், இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சி குன்றுதல், பழைய தையல் பற்றிய ஐயம் ஆகியவை இருந்தால் மருத்துவரே முன்னதாக எடுப்பார். அது மருத்துவக் காரணம். நாள் குறித்திருப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடும். பனிக்குடம் உடைந்தாலோ, விட்டுவிட்டு இறுக்கிப் பிடிக்கும் வலி வந்தாலோ, நாள் வரட்டும் என்று காத்திராமல் கிளம்புங்கள். கிளம்பும்போது கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மயக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஆயத்தம் என்றதும் பை, துணிமணி, பிளாஸ்க் என்றுதான் எல்லாரும் எண்ணுகிறார்கள். எனக்கு முதல் ஆயத்தம் இரத்தம். சிசேரியனில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இரத்தம் போவது இயல்பு. ஹீமோகுளோபின் 12 இருப்பவருக்கு அது சமாளிக்கக்கூடிய இழப்பு, 8 இருப்பவருக்கு அதே இழப்பு ஆபத்து. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் இரத்தசோகை என்று கணக்கு. நாளையே ஒரு முறை பார்த்துவிடுங்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட வைத்து விழுங்கினால் நன்றாக உடம்பில் சேரும். அளவு மிகக் குறைவாக இருந்தால் மாத்திரை இந்த மூன்று வாரத்துக்குள் போதுமான பலன் தராது. நரம்பில் ஏற்றும் இரும்பு ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதே நாளில் இரண்டு செய்திகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் இருக்கிறதா, உங்கள் இரத்த வகைக்கு இரத்தம் ஏற்பாடாகியிருக்கிறதா. கீழே இறங்கிய நஞ்சுக்கொடி தழும்புக்குள் வேரோடிப் பிடித்திருந்தால் அது பெரிய மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டிய அறுவை. உங்கள் இரத்த வகை நெகட்டிவாகவும் குழந்தையுடையது பாசிட்டிவாகவும் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி ஒன்றும் உண்டு.

அடுத்தது தாள்கள். கோயம்புத்தூர் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும், கிடைத்தால் அறுவைக் குறிப்பையும் கொண்டுபோங்கள். கர்ப்பப்பையில் எந்த வாக்கில் கீறினார்கள் என்பது அதில்தான் இருக்கும், வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. சம்மதப் படிவம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, சித்தூர் தாலுக்காவில் தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவராவது பெரும்பாலும் வார்டில் இருப்பார். அந்தப் படிவத்திலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையோ, அறுவையின்போதே வைக்கும் காப்பர் டி-யோ பற்றிய வரி இருக்கலாம். இதைத் தியேட்டர் வாசலில், மூன்று பேர் சூழ்ந்து நிற்கும்போது முடிவு செய்வது கொடுமை. நீங்களும் உங்கள் கணவரும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறப்புப் பதிவு குழந்தை பிறந்த இடத்து உள்ளாட்சியில்தான் நடக்கும். 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெற்றோர் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுக் கொடுங்கள். அரசு மருத்துவமனை என்றால், 2011 முதல் நடப்பிலுள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் சிசேரியன், மருந்து, இரத்தம், ஏழு நாள் வரை உணவு எல்லாமே எல்லையின் இரு பக்கமும் இலவசம்.

முந்தின நாள் சோப்புப் போட்டுக் குளியுங்கள், காலையிலும் ஒரு முறை. வீட்டில் சவரக்கத்தியால் முடி மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி நுழையும், தேவையென்றால் அங்கேயே கத்தரித்துவிடுவார்கள். விரல் நுனியில் மருதாணியும் நகச்சாயமும் வேண்டாம், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலில்தான் மாட்டுவார்கள். மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அன்று மட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவது இந்தப் பக்கம் வழக்கம்தான். சாப்பாட்டில் உறுதியாகத் தெரிந்தது இது: திட உணவை ஆறு மணி நேரம் முன்னும், எண்ணெயில் பொரித்தது என்றால் எட்டு மணி நேரம் முன்னும் நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் கலந்த காபி உணவுக் கணக்கில் சேரும். இரவு பத்துக்கு மேல் தண்ணீரே கூடாது என்று பொதுவாகச் சொல்லும் மருத்துவமனைகள் இன்னும் உண்டு. உங்கள் அறுவை பகல் பதினொன்றுக்கு என்றால், காலை ஒன்பது வரை தண்ணீர் குடிக்கலாமா என்று மயக்க மருத்துவரிடமே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

தியேட்டருக்குள் கீழ்முதுகில் ஓர் ஊசி. சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே மரத்துவிடும், விழித்திருப்பீர்கள். வெட்டும் வலி இருக்காது, ஆனால் உள்ளே இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் மரக்கவில்லையோ என்று பயந்து நடுங்கிய பெண்கள் பலர். குமட்டலும் உடல் நடுக்கமும் வரலாம். தலைமாட்டில் நிற்பவரிடம் உடனே சொல்லுங்கள், மருந்து அவர் கையிலேயே இருக்கும். இரண்டாம் அறுவையாக இருந்தாலும் குழந்தை பெரும்பாலும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். மீதி நேரமெல்லாம் தையலுக்குத்தான். இந்த ஊசிதான் ஆயுள் முழுக்க முதுகுவலி தருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிப்பது உண்மை. நாள்பட்ட முதுகுவலிக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதும், கூன் போட்டு உட்கார்ந்து மாதக்கணக்கில் பால் கொடுப்பதும் காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். தலையணை வைத்தால் தலைவலி வரும் என்பதும் ஆதாரமில்லாதது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் ஒருவகைத் தலைவலி வருவதுண்டு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

குழந்தையும் நீங்களும் நலமாக இருந்தால், தையல் நடக்கும்போதே குழந்தையை உங்கள் மார்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்பது சிசேரியனுக்கும் பொருந்தும். பால் நிறைந்து சுரக்க மூன்று நான்கு நாள் ஆகும், சிசேரியனில் ஒரு நாள் கூடவும் ஆகலாம். அதுவரை சுரக்கும் சில துளிச் சீம்பாலே குழந்தைக்குப் போதும். இந்த இடைவெளியில்தான் ஒரு வீட்டார் சர்க்கரைத் தண்ணீரையும், மறு வீட்டார் வயம்பும் பொன்னும் தேனில் உரைத்ததையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். நாம் வசம்பு என்பதைத்தான் மலையாளத்தில் வயம்பு என்கிறார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் இரண்டும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரும். சடங்கு நடந்தே ஆகவேண்டும் என்றால் பாட்டி தன் விரலைக் குழந்தையின் உதட்டில் வெறுமனே வைத்து எடுக்கட்டும்; அப்படிச் செய்து நிறைவடைந்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாளில் நீங்கள் செய்யும் காரியங்கள்தாம் அடுத்த ஒரு மாதத்தைத் தீர்மானிக்கின்றன. வலி வந்தபின் மாத்திரை கேட்காமல், குறித்த நேரத்துக்குக் குறித்த மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். பாராசிட்டமாலும் அதோடு சேர்த்துக் கொடுக்கும் டைக்ளோபினாக் அல்லது ஐபுபுரூபெனும் தாய்ப்பாலுக்குப் பாதகமில்லை. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த எல்லைப் பகுதியில் ஒரு சொல்லால் வரும் சங்கடமும் உண்டு. நாம் வலி என்பதை மலையாளத்தில் வேதனை என்பார்கள். அவர்களுக்கு வலி என்றால் இழுப்பது. தென்பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு செவிலியர் வேதனை உண்டா என்று கேட்க, மனவருத்தத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, மருந்தில்லாமல் இரவு முழுக்கத் துடித்த வேலந்தாவளத்துப் பெண்ணை நான் மறக்கவில்லை. தையலைத் தொட்டுக் காட்டுங்கள், பத்துக்கு எத்தனை என்று விரலால் சொல்லுங்கள்.

வலி அடங்கியிருந்தால்தான் எழ முடியும். எழுந்தால்தான் தேற முடியும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைக் கீழே விட்டபடி எழுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடியுங்கள். போன முறை நிமிர முடியாமல் போனதற்கு, தையல் பிய்ந்துவிடும் என்ற பயத்தில் குனிந்தே நடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். நிமிர்ந்து நடப்பதால் தையல் பிரியாது, உள்ளே பல அடுக்குகளாகத் தைத்திருக்கிறார்கள். வாய்வு பிரிந்தால்தான் தண்ணீர் என்ற பழைய கட்டளைக்கும் இப்போது ஆதாரமில்லை. சிக்கலில்லாத அறுவைக்குப் பின் சில மணி நேரத்திலேயே தண்ணீரும், பிறகு இட்லி, கஞ்சி போன்ற உணவும் தருவதால் கெடுதல் இல்லை என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. சூயிங்கம் மெல்லுவது குடலைச் சீக்கிரம் இயங்க வைக்கிறது என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு.

இனி அம்மாவும் மாமியாரும். நாற்பது நாள் ஓய்வு, வேறொருவர் சமைத்துத் தரும் சூடான உணவு, குழந்தையை இன்னொருவர் வாங்கிக்கொண்டு தாயைத் தூங்கவிடுவது ஆகிய மூன்றையும் எந்த மருத்துவமனையாலும் தர முடியாது. நம் இரு வழக்கங்களும் தருகின்றன. அவற்றை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த முறைகள் சுகப்பிரசவத்துக்காக உண்டானவை. வயிற்றைக் கிழித்துத் தைத்த உடம்புக்கு இரண்டு மாற்றங்கள் வேண்டும்: படுத்தே கிடக்கக் கூடாது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது. பிரசவித்தவளின் இரத்தம் உறையும் தன்மை ஆறு வாரம் வரை கூடுதலாகவே இருக்கும். சிசேரியன் அதை மேலும் கூட்டும். அசையாமல் கிடப்பதும் நீர் குறைவதும் சேர்ந்தால் காலின் ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டிக்கொள்ளலாம். பல ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்காத ஒரு பெண்ணின் இடதுகால் வீங்கியது. வாதம் என்று எண்ணெய் சூடாக்கி அழுத்தித் தேய்த்தார்கள். மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டாள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள் என்று அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு தாயிடமும் நான் சொல்லி அனுப்புகிறேன்.

பத்தியத்தில் நான் விடாப்பிடியாக நிற்பது தண்ணீருக்காக மட்டும்தான். பச்சைத்தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், தையல் சீழ் பிடிக்கும் என்பதில் உண்மை இல்லை. வெந்நீராகவே வேண்டுமானால் வெந்நீராக, தாகம் தீரக் குடியுங்கள், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர். பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா, கருவாடு, வெந்தயக் கஞ்சி எல்லாம் நல்ல உணவுகள். இவை பாலைப் பெருக்கும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை, குழந்தை அடிக்கடி சப்புவதுதான் பாலைப் பெருக்கும். பழத்தையும் காய்கறியையும் விலக்குவது மட்டும் தவறு. மலச்சிக்கலோடு முக்கும்போது தையல் படும் பாடு உங்களுக்கே நினைவிருக்கும். லேகியத்தில் வெல்லமும் நெய்யும் அதிகம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். அரிஷ்டங்கள் என்னும் ஆயுர்வேதக் குடிமருந்துகள் புளிக்கவைத்துச் செய்பவை, ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

வேதுகுளியைப் பற்றி மாமியார் மனம் நோகாமல் சொல்ல வேண்டியது: தள்ளிப்போடுங்கள், ஒழிக்க வேண்டாம். கட்டுப் பிரித்த பிறகு தினமும் சோப்பும் தண்ணீரும் விட்டுக் குளித்து, தையலைத் துணியால் ஒற்றி எடுத்து உலர விடுவதே முதல் வாரங்களுக்குப் போதும். தையல்மேல் மஞ்சளோ எண்ணெயோ பவுடரோ வேண்டாம். புண் முழுதாக ஆறிய பின், மருத்துவர் பார்த்துச் சரியென்றால், கை, தோள், முதுகுக்குக் குழம்பு என்னும் ஆயுர்வேதத் தைலம் தேய்த்து, புளியிலையும் பலாயிலையும் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரில் குளிப்பது இதமாகத்தான் இருக்கும். வயிற்றில் நீரை வீசி அடிப்பதும் வயிற்றைப் பிசைவதும் ஆறு வாரப் பரிசோதனை வரை கூடவே கூடாது. தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துபோனவர்கள் உண்டு. வயிற்றில் துணி கட்டுவது முதல் சில நாட்களில் எழுந்து நடக்கும்போது வலியைக் குறைக்க உதவலாம். வயிறு பழையபடி ஆகிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கட்டினால் மூச்சு முட்டாமல் கட்டுங்கள், படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

கீழ்க்கண்டவற்றுக்கு இரவு பகல் பார்க்காமல் போக வேண்டும்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், பிரிதல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனைந்து போகும் உதிரப்போக்கு அல்லது நாற்றம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுந்தலைவலியோடு பார்வை மங்குவது. கடைசியில் சொன்னது இரத்த அழுத்தத்தால் வருவது, பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை வரலாம். மூன்றாம் நாள் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் இயல்பு, இரண்டு வாரத்தில் தணியும். அதற்கு மேலும் தூக்கமின்மையும் பாரமும் தொடர்ந்தால், அல்லது உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதல் பிரசவம் அதிர்ச்சியாக அமைந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடருங்கள். அடுத்த கர்ப்பத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டு தள்ளிவைக்கும் வழியை ஆறு வாரப் பரிசோதனையிலேயே முடிவு செய்யுங்கள். நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது: மூத்த பிள்ளை. அவனுக்கு இப்போது பதிமூன்று பதினான்கு கிலோ இருக்கும். பிறந்த குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது, அவனைத் தூக்குவதும் அதில் அடங்கும். டிஸ்சார்ஜ் ஆகி வாசலில் இறங்கியதும் அவன் ஓடிவந்து கையை நீட்டுவான். குழந்தையை அம்மா வாங்கிக்கொள்ளட்டும். திண்ணையிலோ நாற்காலியிலோ முதலில் உட்கார்ந்துவிடுங்கள், மடியில் ஒரு தலையணை இருக்கட்டும், அவன் பக்கவாட்டிலிருந்து தானாக ஏறி உட்காரட்டும். அம்மா வயிற்றில் புண் இருக்கிறது, ஆறும் வரை உட்கார்ந்துதான் கட்டிப்பிடிக்க முடியும் என்று இந்த மூன்று வாரத்துக்குள்ளேயே அவனுக்குச் சொல்லி, தலையணையை வைத்து ஒன்றிரண்டு முறை பழக்கியும் வையுங்கள்.